நோக்காம்

கம்பத்திலோ கோம்பையிலோ தேவாரத்திலோ ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஒரு வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் உட்கார்ந்திருந்தால் தெரியும். டிவி ஓடிக்கொண்டிருக்கும். கண் அதில் இருக்கும், காது செல்போனில் இருக்கும். ஆள் கூட்டிப்போகும் கங்காணி கூப்பிட வேண்டும். "நாளைக்கு வண்டி உண்டு, வெள்ளன வந்துருங்க" என்றால் மறுநாள் மூன்று மணிக்கு அடுப்பு எரியும், தூக்குவாளியில் சோறு ஏறும், விடியும் முன்பே ஜீப் கம்பம்மெட்டு ஏற்றத்தில் முனகிக்கொண்டிருக்கும். "பத்துப் பேரு போதும்னாரு" என்றால் அந்தப் பத்துக்குள் நாம் வருவோமா என்ற கணக்கு ஓடும். போனே வரவில்லை என்றால் அதுவும் ஒரு சேதிதான். ஒன்பது மணிவரை பொறுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிற அந்த வீட்டுப் பெண்ணே கங்காணியைக் கூப்பிடுவாள். மறுமுனையில் வருவது பெரும்பாலும் ஒற்றைச் சொல்: "பாக்கலாம்."

என் சித்தி இருபது வருடத்துக்கு மேல் மலைக்குப் போனவர். எங்கள் பக்கம் 'மலைக்குப் போறாங்க' என்றால் கார்த்திகையில் சபரிமலை, மற்ற மாதங்களில் ஏலத்தோட்டம். அவர் சொல்லித்தான் இந்தப் 'பாக்கலா'முக்கு மூலம் ஒன்று உண்டென்று தெரிந்துகொண்டேன். கங்காணி அதைச் சொந்தமாகச் சொல்வதில்லை, மொழிபெயர்க்கிறான். கேரளப் பக்கம் வண்டன்மேட்டிலோ நெடுங்கண்டத்திலோ இருக்கும் முதலாளியிடம் அவன் கேட்டிருப்பான், நாளைக்கு ஆள் எத்தனை என்று. விலை சரிந்து கிடக்கும் காலத்தில் முதலாளி வானத்தைப் பார்ப்பார், போனில் ஏல விலையைப் பார்ப்பார், கடைசியில் மலையாளத்தில் "நோக்காம்" என்பார். நோக்கு தமிழிலும் உள்ள சொல்தான். நாம் அதைச் செய்யுளுக்குக் கொடுத்துவிட்டோம், மலையாளிகள் அன்றாடப் பேச்சுக்கு வைத்துக்கொண்டார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று கணவாய் வழியாகவும் அந்தச் சொல் தினமும் கீழே இறங்கி வருகிறது. பாரம் ஏற்றாத வண்டி மாதிரி, எந்தத் தடையும் இல்லாமல்.

நெருக்கடிக் காலத்தில் முதலாளியும் மேனேஜரும் தொழிலாளியிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு நிர்வாகப் படிப்பில் பாடம் வைத்திருக்கிறார்கள். நிலைமையை விளக்கு, தகவலை மறைக்காதே என்பது அதன் சாரம். நல்ல பாடம்தான். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் தகவலுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. போடிநாயக்கனூரிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறது. அன்றைய சராசரி விலை, அதிகபட்ச விலை இரண்டும் ஏலம் முடிந்த கையோடு கடைக்குக் கடை, போனுக்குப் போன் தாவி, சாயங்காலம் இறங்கி வரும் ஜீப்புக்குள்ளும் ஏறிவிடும். குவாத்தமாலா எந்தத் திசையில் இருக்கிறது என்று சித்திக்குத் தெரியாது. அங்கே காய் அதிகம் விளைந்தால் இங்கே தனக்கு வேலைநாள் குறையும் என்பது தெரியும். மருந்து அதிகம் அடித்த காயைச் சவூதிக்காரன் திருப்பிவிடுவான் என்பதும், பச்சைக் காய் ஐந்து கிலோ ஸ்டோரில் காய்ந்தால் ஒரு கிலோ தேறும் என்பதும் தெரியும். அந்த ஒரு கிலோவுக்கான விலையை அவர் தன் கூலியால் வகுத்துப் பார்க்காத நாள் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இப்படிப்பட்டவரிடம் வந்து "மார்க்கெட் நெலம சரியில்லம்மா" என்று ஒருவர் விளக்க ஆரம்பித்தால், அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வது மரியாதைக்குத்தான்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கி மலை சரிந்தது, ஏலச்செடிகள் அழுகின. அடுத்து வந்த கோடையும் காய்ச்சி எடுத்தது. காய் குறைந்தது, விலை எகிறியது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்குப் போனது. அதற்கு முன் யாரும் கண்டிராத விலை. போடியில் அன்று பேச்செல்லாம் அதுதான். அந்த மாதம் எந்த முதலாளியாவது கங்காணி மூலம் "விலை ஏறியிருக்கு, உங்களுக்கும் சேர்த்துத் தாரேன்" என்று சொல்லி அனுப்பினாரா என்று சித்தியிடம் கேட்டேன். சிரித்தார். "அன்னைக்குப் பூராம் அவுக வாயத் தொறக்கலயே" என்றார்.

விலை நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2022 வாக்கில் சராசரி ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. விலை இறங்கியதும் முதலாளிகளுக்குப் பேச்சு வந்துவிட்டது. உரம் இன்ன விலை, மருந்து இன்ன விலை, ஸ்டோரில் காய் உலர்த்த ஆகும் செலவு இவ்வளவு, வங்கிக் கடன் இவ்வளவு. காய் எடுக்கிற பெண்களிடம், வரப்பில் நின்றுகொண்டு, முன்பு பேர்கூடக் கேட்டறியாதவர்கள் குடும்பக் கணக்கைப் போல எல்லாவற்றையும் ஒப்பித்தார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இருந்ததாக நான் நினைக்கவில்லை. 7,000 ரூபாயை நம்பிக் குத்தகைக்கு எடுத்தவர்கள் மோசமாக அடிபட்டார்கள். இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் தோட்டக்காரர்களும் நிறையப் பேர். அவர்களில் போடிக்காரர், கம்பத்துக்காரர் என்று நம் ஆட்களும் உண்டு. ஆனாலும் அந்த உண்மை யார் காதிலும் ஏறவில்லை. ஏற்றத்தில் வாயை மூடிக்கொண்டவர் இறக்கத்தில் வாயைத் திறந்தால், கேட்பவர் சொல்லைக் கேட்பதில்லை, அந்தப் பழைய மௌனத்தைத்தான் கேட்கிறார். இந்த ஒன்றைச் சொல்லத்தான் நான் இவ்வளவு தூரம் மலை ஏறி இறங்குகிறேன்.

நடுவில் நிற்கும் கங்காணியை விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது. கங்காணிக்கு ஆள் கணக்கில் காசு. ஜீப் அவனுடையதாக இருந்தால் ஏறும் தலைக்கும் காசு. நாளைக்கு வேலை இல்லை என்று அவன் திட்டமாகச் சொல்லிவிட்டால் அந்தப் பெண்கள் வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள், நாளை மறுநாள் முதலாளி ஆள் கேட்கும்போது அவன் கை வெறுமையாக நிற்கும். அதனால் 'இல்லை'யைப் 'பாக்கலாம்' ஆக்குவது அவன் பிழைப்பு. மேலே போகும்போதும் அதே வித்தைதான். "கூலி கட்டாதுங்கறாளுக" என்று பெண்கள் சொல்லி அனுப்பியது முதலாளி காதுக்குப் போய்ச் சேரும்போது "கொஞ்சம் பாத்துச் செய்யணும்னு கேக்குறாங்க" என்று ஆகியிருக்கும். இரண்டு பக்கமும் கோபம் வராமல் பார்த்துக்கொள்வதை அவன் சாமர்த்தியம் என்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் உண்மை போகாமல் பார்த்துக்கொள்வதும் அதே சாமர்த்தியம்தான்.

இந்த ஏற்பாடு ஏலத்தோட்டம் கண்டுபிடித்ததல்ல. இலங்கைக்கும் மலேயாவுக்கும் நம் ஆட்களைக் கொண்டுபோனதே கங்காணி முறை. துரைக்குத் தமிழ் வராது, தொழிலாளிக்கு இங்கிலீஷ் வராது, நடுவில் கங்காணி. புதிதாக வந்து இறங்கும் சின்னதுரைகளுக்காகக் கொழும்பில் ஒரு தமிழ்க் கையேடு அச்சடித்தார்கள். அதன் தலைப்பு 'இங்கே வா'. தொழிலாளியோடு பேசுவதற்கென்று தோட்ட நிர்வாகம் வைத்திருந்த புத்தகங்களில் ஒன்று அது. அட்டையிலேயே ஏவல். அந்தத் துரைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: அவர்கள் 'வா' என்றார்கள், 'போ' என்றார்கள், 'பார்க்கலாம்' என்றதாகப் பெரியவர்கள் யாரும் சொல்லக் கேட்டதில்லை. கொடுமையில் ஒரு தெளிவு இருந்தது. அதற்காக அந்தக் காலத்தை யாரும் கேட்கப்போவதில்லை.

போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை வழியாகப் போனால் மூணாறு. அங்கே 2015 செப்டம்பரில் நடந்ததை நம்மூர்ப் பத்திரிகைகள் பெண்களின் வீரமாக எழுதின. சரிதான். ஆனால் அதைப் பேச்சின் கதையாகவும் படிக்கலாம். கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனியை 2005இல் டாடா டீ கைமாற்றியபோது, பெரும்பான்மைப் பங்கு தொழிலாளிகள், ஊழியர்கள் பெயருக்குப் போனது. கொழுந்து கிள்ளும் பெண்களும் பங்குதாரர்கள். ஊர் உலகமே பாராட்டிய ஏற்பாடு. பத்து வருடம் கழித்து, தேயிலை விலை சரிந்தது, லாபம் குறைந்தது என்று கம்பெனி சொன்னது. முந்தைய ஆண்டு 19 சதவீதமாக இருந்த போனஸ் 10 ஆனது. முதலாளி என்று சொல்லப்பட்டவர்களுக்கு, லாபம் குறைந்த வருடம்தான் தாங்கள் முதலாளிகள் என்பதை யாரோ ஞாபகப்படுத்தினார்கள். அப்போது அவர்களின் நாள்கூலி 232 ரூபாய்.

ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், மூணாறு சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பின்னால் பெயர் வந்தது. அவர்கள் செய்த முதல் காரியம், தங்களுக்காக இத்தனை வருடம் பேசிக்கொண்டிருந்த தொழிற்சங்க ஆண்களைப் பக்கத்தில் அண்டவிடாமல் விரட்டியது. அதாவது நடுவில் நின்ற கங்காணிகளை விலக்கிவிட்டு நேராகப் பேசினார்கள். ஒன்பது நாளில், முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில், 8.33 சதவீதம் போனஸ், மேற்கொண்டு 11.67 சதவீதம் கருணைத்தொகை, ஆக 20 என்று முடிந்தது. கூலி உயர்வுக்கு மறுபடியும் போராடி, அக்டோபரில் அது 301 ரூபாய் ஆனது. கையில் இல்லை என்று சொல்லப்பட்ட பணம் ஒன்பது நாளில் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு எங்கள் ஊர் ஜீப்பில் பேசாத பெண் இல்லை. அடுத்த முறை எந்த முதலாளி "கையில இல்லம்மா" என்றாலும் அவர்கள் மனதில் மூணாறு ஓடியிருக்கும். ஒரு கம்பெனி பேசிய பேச்சு அந்தக் கம்பெனியோடு நிற்பதில்லை, மலைத்தொடர் முழுக்க அதன் எதிரொலி கேட்கிறது.

பேசாமலே போய்விட்டவர்களும் உண்டு. குமுளிக்கு மேலே பீர்மேட்டில் 2000ஐ ஒட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது சில தோட்டங்களை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். லயங்களில் குடியிருந்த தொழிலாளிகளுக்குச் சம்பளமும் இல்லை, கணக்கு தீர்க்கவும் ஆள் இல்லை. தாங்களே கொழுந்து கிள்ளி விற்று வயிறு கழுவினார்கள். கேரளத் தோட்டங்களின் கதையில் இது தனி அத்தியாயம். இங்கே நீட்ட வேண்டாம்.

சட்டத்துக்கு 'நோக்காம்' பிடிக்காது. 1947ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டம், வேலை நிபந்தனையை மாற்றுவதற்கு 21 நாள் முன்னறிவிப்பு கேட்டது. வேலை கொடுக்க முடியாமல் உட்காரவைத்தால் பாதிச் சம்பளம் கொடுக்கச் சொன்னது. எழுதியவர்களுக்குப் புரிந்திருக்கிறது: தொழிலாளிக்கு வேண்டியது விளக்கம் அல்ல, தேதி. ஆனால் ஜீப்பில் போய் ஜீப்பில் திரும்புகிறவளின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? இருபத்தோரு நாளுக்குப் பதிலாக அவளுக்கு இரவு ஏழு மணியிலிருந்து விடியற்காலை நாலு மணிவரை அவகாசம்.

தேதி ஏன் அத்தனை முக்கியம் என்பது குழுக்கடன் வாங்காதவர்களுக்குப் புரியாது. வாரத் தவணைக்காரர் வந்து நிற்கும்போது "பாக்கலாம்" என்று அவரிடம் சொல்ல முடியாது. வேலை இல்லை என்று திட்டமாகத் தெரிந்தால் அந்தப் பெண் காலையில் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சை வெட்டப் போய்விடுவாள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு வருடம் முழுக்கக் காய்ப்பு உண்டு, கூலி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். நூறு நாள் வேலைக்கு எழுதிக்கொடுப்பாள். ஆண்டிபட்டி சக்கம்பட்டிப் பக்கம் நெசவு செய்யும் உறவுக்காரர் வீட்டிலும் இதே கதைதான். அங்கே "பாவு வரல" என்பார்கள். பாவு என்றைக்கு வரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தறிக்காரன் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பான். நஷ்டத்தைவிட இந்தக் காத்திருப்புதான் நாளைத் தின்கிறது. முதலாளிக்குப் 'பார்க்கலாம்' என்பது கையில் இருக்கும் ஒரு வழி. தொழிலாளிக்கு அது, இருக்கும் இரண்டு வழியையும் அடைக்கும் கல்.

சித்தி ஒருவரைப் பற்றி அடிக்கடி சொல்வார். நெடுங்கண்டம் பக்கத்தில் ஒரு சிறிய தோட்டத்தின் சூப்பர்வைசர், மலையாளி, தமிழ் கொச்சையாகப் பேசுவார், சிரிக்கவே மாட்டார். விலை விழுந்த ஒரு வருடம் ஜீப்பிலிருந்து இறங்கியவர்களை நிறுத்திவைத்துச் சொன்னாராம்: இந்தச் சுற்றோடு சரி, மூன்று வாரம் வேலை கிடையாது, நாலாவது திங்கள்கிழமை பன்னிரண்டு பேர் வாங்க, கூலி பழைய கூலிதான், கூடாது. பேர்களையும் அங்கேயே வாசித்துவிட்டார். பட்டியலில் இல்லாதவர்கள் அழுதார்கள், ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். சித்தி பட்டியலில் இல்லை. அன்று மத்தியானமே சாப்பாட்டு நேரத்தில் திராட்சைத் தோட்டத்துக்குப் போன் போட்டுப் பேசி முடித்துவிட்டார். "பாவி மனுசன், ஆனா மறைக்கல" என்பார் இன்றும். பாவி என்பதில் அழுத்தம் கொஞ்சமும் குறையாது. ஆனால் மற்றவர்களுக்குக் கிடைக்காத அந்த 'மறைக்கல' அவருக்குக் கிடைத்தது. மறு வருடம் காய் மலையாகக் கிடந்து எல்லாத் தோட்டத்திலும் ஆள் தேடியபோது அவர் கூப்பிட்டதும் போனார்களா என்று கேட்டேன். "கூலி எங்க கூடவோ அங்கதான போவோம்" என்றார் சித்தி. நான் எதிர்பார்த்த பதில் வேறு. கட்டுரை எழுதுகிறவனின் ஆசைக்கு வாழ்க்கை இசைய வேண்டியதில்லை.

முதலாளிகளுக்கே ஒன்றும் தெரியாத நாட்களும் வந்தன. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைத் தகராறில் கேரள எல்லை அடைபட்டு, தோட்டங்களில் அடிபட்டுத் தப்பி வந்தவர்களைக் கம்பம் பார்த்தது. 2020 மார்ச் கடைசி வாரத்தில் எல்லை மறுபடி மூடியது. மேலே சிக்கியவர்கள் பஸ் இல்லாமல் காட்டுப்பாதையில் இறங்கினார்கள். போடி அருகே ராசிங்காபுரம் பக்கத்து மலையில் அப்படி இறங்கி வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இறந்தவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. 'இங்கேயே தங்குங்கள், சோறு போடுகிறேன்' என்றோ, 'இந்த வழியாகப் போகாதீர்கள்' என்றோ அந்த ஒரு வாரம் மலை முழுக்க எத்தனை தோட்டத்தில் எத்தனை பேர் வாய்விட்டுச் சொல்லியிருப்பார்கள் என்று யோசிப்பேன். சொன்னவர்கள் இருந்தார்கள். சொல்லாதவர்கள், அரசாங்கம் சொல்லட்டும் என்று நினைத்திருக்கலாம். கூட்டிக்கொண்டு வந்தவர்கள் திருப்பி அனுப்புவதைப் பற்றியும் யோசிக்க வேண்டும் என்பது யாருடைய கணக்கிலும் எழுதப்படாத கடன்.

இப்போது தோட்டங்களில் ஜார்க்கண்டு, மத்தியப் பிரதேசம், அஸ்ஸாம் ஆட்கள் தங்கி வேலை செய்கிறார்கள். அவர்களைக் காட்டிக் கங்காணி இன்னொரு சொல் கற்றுக்கொண்டிருக்கிறான்: "ஆள் இருக்கு." இது 'பாக்கலாம்' போல வழவழப்பானது அல்ல, வெட்டிப் பேசும் சொல். அந்த ஆட்களிடம் இந்தி தெரிந்த எந்தக் கங்காணி என்ன சொல்கிறானோ.

சித்திக்கு முழங்கால் தேய்ந்து இரண்டு வருடமாக மலைக்குப் போவதில்லை. மகன், என் தம்பி முறை, சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஆட்களில் 2 சதவீதம், சுமாராகப் பன்னிரண்டாயிரம் பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்ன செய்தி டிவியில் ஓடியது. அவன் இருப்பது வேறு கம்பெனி. ஆனாலும் ஒரு மாதமாகப் பிராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருந்தான். 2021இல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி முதலாளி ஜூம் காலில் ஒரே மூச்சில் 900 பேரை வேலையைவிட்டு நீக்கிய கதையை அவன்தான் எனக்குச் சொன்னான். தன் கம்பெனியில் அப்படியெல்லாம் செய்யமாட்டார்கள், எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள் என்றும் சொன்னான். அப்படி ஒரு கூட்டம் நடந்த அன்றைக்குச் சாயங்காலம், ஏழு மணிக்கு மேல் இருக்கும், அம்மாவுக்குப் போன் செய்தான். நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டார். ஆர்டர் குறைந்திருக்கிறது, ஏஐ வந்திருக்கிறது, கம்பெனி எங்களை ஒரு குடும்பமாகத்தான் நினைக்கிறது என்று அவன் விளக்கிக்கொண்டே போனான். சித்தி குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"சரிப்பா. ஒன் கங்காணி கடைசியா என்ன சொன்னாரு?"

"என் மேனேஜரா? அடுத்த குவார்ட்டர்ல பாக்கலாம்னாரும்மா."

"அப்ப வேற வண்டியப் பாரு" என்றார் சித்தி. கட்டிலில் காலை நீட்டி, முழங்காலில் தைலம் தேய்க்க ஆரம்பித்தார்.